மைனஸ் நாலு நாற்காலி

இன்றைக்கு ஆபீஸில் அவளுக்குச் 'செக்போஸ்ட்' என்று பெயர். முன்பெல்லாம் அவள் எதையும் சரிபார்க்கிற ரகமே இல்லை. ஒரு காலுக்கு ஒரு செருப்பாக மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்து, சாயங்காலம் யாராவது சிரித்த பிறகுதான் குனிந்து பார்ப்பாள்.

நாற்காலி, மேஜை விற்கிற கம்பெனி அது. வாங்குகிறவர் போனில் ஆப்பைத் தட்டினால், அது எங்கோ இருக்கும் சர்வரைக் கூப்பிட்டு, இந்த வீட்டுக்கு இத்தனை நாற்காலி என்று சொல்லும். அந்த ரிக்வெஸ்டை வாங்கிக் குடோனுக்குத் தள்ளிவிடுகிற புரோகிராம் அவள் எழுதியது. யார் என்ன சொன்னாலும் நம்பிவிடும், அவளைப் போலவே.

அவளுடைய சித்தப்பா நாலு நாற்காலி வாங்கப் போய், பிளஸ் பட்டனுக்குப் பதிலாக மைனஸ் பட்டனை அழுத்தித் தொலைத்தார். மைனஸ் நாலு என்று ஆர்டர் போயிற்று. குடோன் கம்ப்யூட்டர் அசரவில்லை; மைனஸ் என்றால் எடுத்துக்கொண்டு வருவது என்று வேனை அனுப்பிவிட்டது. வேன்காரர் வந்து, வீட்டில் இருந்த நாலு நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஏற்றுவதற்குச் சித்தப்பாவும் ஒரு கை கொடுத்தார்.

"அம்மாடி, பழசை எடுத்துட்டுப் போயிட்டாங்க. ரொம்ப மரியாதையான ஆளுங்க. புதுசு எப்ப வரும்?" என்று போனில் கேட்டார்.

அவள் அந்த ஆர்டரைத் திறந்து பார்த்தாள். நேரே ஆப் எழுதுகிறவரிடம் போனாள்.

"மைனஸ் நாலுன்னு அனுப்புறீங்களே, பாக்க மாட்டீங்களா?"

"நீங்க பாப்பீங்கன்னு நினைச்சேன்."

"நீங்க பாத்திருப்பீங்கன்னுல்ல நான் நினைச்சேன்!"

பக்கத்தில் நின்ற குடோன்காரர் தலையைச் சொறிந்தார். "நீங்க ரெண்டு பேருமே பாத்திருப்பீங்கன்னு நான் நினைச்சேன்."

வந்ததே அவளுக்கு ரோஷம்! ஆப் என்ன அனுப்பினாலும் இனி சர்வர் வாசலிலேயே சோதனை. எந்த எண்ணாக இருந்தாலும் ஒன்றுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் 'தவறு' என்று திருப்பி அனுப்பு. எழுதி முடித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போனாள்.

சித்தப்பா மறுபடி ஆர்டர் போட்டார். தவறு என்றது. இன்னொரு தடவை போட்டார். தவறு.

"என்ன தப்புன்னு சொல்லித் தொலைக்கக் கூடாதா? உங்க சித்தியே காரணம் சொல்லித்தான்மா திட்டுவா!"

அவர் வீடு தரைத்தளம். அது எத்தனையாவது மாடி என்ற இடத்தில் ஆப் பூஜ்யம் அனுப்பியது. இவள் போட்ட காவல் அதையும் மறித்துவிட்டது. இது அவளுக்குப் பிடிபடுவதற்குள் சித்தப்பா கண்டதையும் மாற்றிப் பார்த்து, முதல் மாடி என்று போட்டார். உடனே ஏற்றுக்கொண்டது. புது நாற்காலிகள் மாடியில் இருந்த பல் டாக்டரிடம் போய் இறங்கின.

சித்தப்பா விசாரிக்க மாடி ஏறினார். மூச்சு வாங்கவே, தன் நாற்காலி ஒன்றிலேயே உட்கார்ந்தார். "அடுத்தது யாரு? நீங்கதானா?" என்று நர்ஸ் கேட்டாள். ஆமாம், நான்தான் என்று எழுந்து போனவர், கடைவாய்ப் பல் ஒன்றை விட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

விஷயம் தெரிந்ததும் அவள் உட்கார்ந்து திருத்தினாள். மாடி பூஜ்யமாக இருக்கலாம், நாற்காலி எண்ணிக்கை அப்படி இருக்கக் கூடாது. எது தவறு, என்ன செய்யலாம் என்று பணிவாக ஒரு வரியும் சேர்த்தாள். நாற்காலிகளைக் கீழே இறக்கிக் கொடுத்த பிறகு, வீங்கின கன்னத்தோடு சித்தப்பா சோதித்துப் பார்த்தார். எண்ணிக்கையில் பூஜ்யம் போட்டார்.

'மன்னிக்கவும், குறைந்தது ஒரு நாற்காலி கேளுங்கள்' என்று வந்தது.

மறுநாள் ஐந்தாவது நாற்காலி வந்து இறங்கியது.

"எதுக்கு சித்தப்பா இன்னொண்ணு?"

"அவ்வளவு பணிவா கேக்குறப்போ எப்படிம்மா முடியாதுன்னு சொல்றது?"