அப்பாவின் சட்டைப்பையில் தைலக் குப்பி

அந்தத் தைலக் குப்பி சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். பதின்மூன்று வயதில் அதைக் கையில் இறுக்கிப் பிடிக்காமல் நான் வாசலைத் தாண்டியதில்லை. எங்கள் பேட்டையான புக்கிட் பாஞ்சாங்கில், நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கை ஒட்டி ஓடும் குட்டி ரயிலின் ஜன்னல்கள், வீடுகளை நெருங்கும்போது பனி படிந்ததுபோல் தாமாகவே வெளுத்துவிடும். பயணிகள் அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கக் கூடாதென்று அப்படி ஓர் ஏற்பாடு. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. எனக்கோ வெளியுலகத்தையே யாரோ அழித்துவிட்டதுபோல் இருக்கும். நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், இதோ மயங்கி விழப்போகிறேன் என்று தோன்றும். ஒருநாள் பாதி வழியில் இறங்கி ஓடிவந்தவள், பிறகு ஆறு வாரம் பள்ளிக்கூடமே போகவில்லை.

அப்பா என்னை டாக்சியில் தேக்கா கடைத்தெருவுக்கு அழைத்துப்போனார். அங்கே கடைவீட்டு மாடியில் ஒரு மனநல ஆலோசகர். மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். பயப்படாதே என்று ஒருமுறைகூடச் சொல்லாத ஆள். ஒரு தாளில் ஏணி வரையச் சொன்னார். கீழ்ப்படி, நிலையத்தில் நின்று ரயிலைப் பார்ப்பது. உச்சிப்படி, குப்பி இல்லாமல் தனியாக அவருடைய அறைக்கு வந்து சேர்வது. ஒவ்வொரு படிக்கு முன்னாலும் என்ன நடக்கும் என்று நான் எழுதவேண்டும், பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடவேண்டும். முடிந்தபின் உண்மையில் நடந்ததை எழுதவேண்டும். 'மயங்கி விழுவேன்' என்று பலமுறை எழுதினேன், ஒருமுறையும் விழவில்லை. "பயம் வந்தா வரட்டும் லா. அது அடங்குற வரைக்கும் நீ அங்கயே இரு," என்பார் மிஸ்.

உச்சிப்படிக்கான சனிக்கிழமையும் வந்தது. ஜன்னல் வெளுத்ததும் பயம் ஒன்பதுக்கு ஏறியது. கைக்குட்டைக்காகப் பையைத் துழாவினால், உள்ளே குப்பி. அப்பா எனக்குத் தெரியாமல் போட்டிருக்கிறார். திறந்து முகர்ந்துவிட்டேன். இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாய்ப் போயிற்றே என்று மிஸ்ஸிடம் போய் அழுதேன். அப்பாமேல் அவ்வளவு கோபம்.

அடுத்த முறை அப்பாவும் வந்தார். மிஸ் அவரைத் திட்டவில்லை. மகள் தனியாக வந்த நேரத்தில் உங்களுக்கு எத்தனை மார்க் என்று கேட்டார். கப்பல் பட்டறையில் அத்தனை உயரத்தில் தொங்கிக்கொண்டு வெல்டிங் செய்கிற மனிதர், தரையைப் பார்த்தார்.

"பத்து, மிஸ்."

அப்பாவுக்கும் பயம் உண்டென்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மிஸ் அவருக்கும் ஓர் ஏணி வரைந்தார். அதில் ஒரே படி. குப்பி அவரிடமே இருக்கவேண்டும், எனக்கு போன் செய்யக் கூடாது.

மறு சனிக்கிழமை குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நான் போனேன். ஜன்னல் வெளுத்தது. ஒன்பது. அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே மெல்லிய வெளிச்சம் இருந்தது. புளோக்குகள் நிழல்களாய் மிதந்து போயின, மேகத்துக்குள் நிற்பதுபோல. எட்டு, ஆறு. பிறகு கண்ணாடி தானே தெளிந்து, ஜன்னல்களுக்கு வெளியே மூங்கில் கழிகளில் காயப்போட்ட யார் யாருடைய சட்டைகளோ ஆடின. வீடு திரும்பினால் கூடமெல்லாம் தைல வாசனை, குப்பியில் பாதியைக் காணோம். மூக்கு எரியுதாப்பா என்று ஒரு வாரம் கேலி செய்தேன்.

எத்தனையோ வருஷம் கழித்து, போன மாதம் அப்பாவுக்குத் தலையில் ஸ்கேன். முதல்முறை அந்த ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் போகமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். டாக்டர் இனித் தள்ளிப்போட முடியாது என்றார். இரண்டாம் முறை, அறை வாசலில், சட்டைப்பையிலிருந்து அதே தைலக் குப்பியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நீ வெச்சுக்கோ. உள்ள வர வேணாம்."

வெள்ளைக் கதவு சாத்திக்கொண்டது. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தவரிடம் எத்தனைப்பா என்று கேட்டேன்.

"போறப்ப ஒன்பது. கடைசியில மூணு." சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே காற்றை முகர்ந்து பார்த்தார். "உனக்கு எத்தனை?"

என் கையில் குப்பி திறந்தே இருந்தது.