கறங்கட்டும் என்று நான் சொல்லவில்லை

மலையாளத்து மலையில், மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில், எழுபதுகளில், ரோலர் ஆளாக இருந்தேன். கொழுந்தை உருட்டிப் பிழிகிற மிஷின் அது. பித்தளைப் பட்டைகளுக்கு நடுவில் இலை அடைத்துக்கொண்டால், நிறுத்திவிட்டுக் கையை உள்ளே விட்டுத்தான் எடுக்க வேண்டும். எடுத்து முடித்தவன் "கறங்கட்டும்" என்று கத்துவான். அதன் பிறகே லீவர் ஆள் பெல்ட்டைத் தள்ளி மிஷினை ஓட்டுவார். அந்தச் சொல்லை ஃபேக்டரிக்குள் வேறெதற்கும் சொல்ல மாட்டோம்.

ஃபேக்டரி வேலையை மேற்பார்க்கப் புதிதாக வந்த டீ மேக்கருக்கு அது பிடிக்கவில்லை. "என்னய்யா மலையாளத்துல கத்துறீங்க? ஸ்டார்ட்னு சொல்லுங்க."

லீவர் ஆள் தேவசகாயம் அண்ணாச்சி விடவில்லை. "எங்க பனங்காட்டுல புள்ளைங்க சுத்துற ஓலைக் காத்தாடிக்கே கறங்குன்னுதான் பேரு சார். நாங்க என்ன மலையாளியா?"

"பெரிய புலவரு!" என்று சிரித்துவிட்டுப் போனார் டீ மேக்கர்.

எங்கள் வேதக்கோயில் உபதேசியாரிடம் கேட்டேன். அகராதியைப் புரட்டினார். கறங்குதல் என்றால் சுழல்வது, ஒலிப்பது என்றும் உண்டு. பழைய தமிழ்ச்சொல், நம் பேச்சில் குறைந்துபோய் மலையாளத்தில் நிலைத்துவிட்டது என்றார். டீ மேக்கர் எதிரில் "சரி சார்" என்போம். ரோலரடியில் பழைய சொல்தான்.

மழை விட்டுக் கொழுந்து குவிந்த வாரம். வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கி நாளாகியிருந்தது. நின்றபடியே கண் செருகும். ஒருநாள் முழங்கைவரை கை ரோலருக்குள் இருக்கும்போது, இலை காயவைக்கிற டிரையர் பக்கமிருந்து டீ மேக்கர் கத்தினார்: "ஸ்டார்ட் பண்ணுப்பா!"

அண்ணாச்சியின் கை லீவரில் விழுந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். இயேசப்பா என்றுகூட வாயில் வரவில்லை.

அவர் கை லீவரைத் தள்ளாமல் அப்படியே நின்றது.

"ஏல, நீ இன்னும் சொல்லலியே?"

"இல்ல அண்ணாச்சி."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். டீ மேக்கர் ஓடி வந்தார். "நான் டிரையர் ஆளத்தான்யா சொன்னேன்."

"எல்லாத்துக்கும் ஸ்டார்ட்னே சொன்னா எப்படி சார்?" என்றார் அண்ணாச்சி. கோபம்கூட இல்லை, அத்தனை களைப்பு. டீ மேக்கர் நான் வெளியே எடுத்த கையைப் பார்த்தபடி நின்றார். பிறகு எங்கள் "கறங்கட்டும்" என்ற சொல்லை அவர் தடுக்கவில்லை.

மிஷின் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உள்ளே கை விட்டவன் வாயிலிருந்துதான் உத்தரவு வர வேண்டும். வெளியே நிற்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி.

அன்றைக்கு ஷிஃப்ட் இன்னும் முடியவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு மறுபடி கையை உள்ளே விட்டேன். அடைப்பு பாதிதான் எடுத்திருந்தேன்.