தூரதேசத்தில் இருக்கும் தம்பி

தம்பி சீமையில் இரண்டு வருஷம் இன்ஜினியரிங் படித்துவிட்டுத் தாராவிக்குத் திரும்பியபோது, எங்கள் ஒற்றை அறை வீட்டை நினைத்து எனக்கு ஒரே கூச்சம். டெய்லர் கடையில் ஒரு நாற்காலி இரவல் வாங்கிப் போட்டேன். நாங்கள் பாயில் உட்கார்ந்து சாப்பிட, அவன் மட்டும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உயரத்தில் இருந்தான்.

சீமைக்குப் போகுமுன் குழாயடியில் தண்ணீர் பிடிப்பது அவன் வேலை. வந்த மறுநாளே குடத்தைத் தூக்கினான். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"கீழ வையிலே. சீமைக்குப் போய்ப் படிச்சவன் குடம் தூக்குனா பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"என்னண்ணே சொல்லுவான்? தண்ணி பிடிக்கான்னு சொல்லுவான்."

நான் கேட்கவில்லை. டிராம்பே பக்கம் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வருகிறேன் என்றான். செம்பூரில் தனி அறை பார்த்துக்கொள் என்று நான்தான் நச்சரித்தேன். அவன் வசதிக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவனோடு வேலை பார்ப்பவர்கள் தேடி வந்து எங்கள் சந்து வீட்டைப் பார்த்துவிடுவார்களோ என்பதுதான் உள்ளே கிடந்த பயம்.

"சரிண்ணே, சனிக்கிழமை போய்ப் பாக்கேன்" என்றான் கடைசியில்.

அவன் வந்தபின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், குடும்ப ஜெபம். நாற்காலியை விட்டிறங்கி என் பக்கத்தில் முழங்காலிட்டான். நான் கண்ணை மூடி, வியாதியஸ்தருக்காக வேண்டி, வேலையில்லாதவர்களுக்காக வேண்டி, வழக்கம்போல, "ஆண்டவரே, தூரதேசத்தில் இருக்கும் எங்கள் தம்பியைக் கண்மணியைப் போல் காத்து, சுகமாய் வீடு கொண்டுவந்து சேர்த்தருளும்" என்றேன். இரண்டு வருஷம் வாராவாரம் சொன்ன வாய்.

என் தோளருகே தம்பியின் குரல் கேட்டது: "ஆமென்."

என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பக்கத்துல முட்டங்கால் போட்டிருக்க ஆளத் திரும்பக் கப்பலேத்திட்டியளே!"

தம்பி சிரிக்கவில்லை. "இல்ல மைனி, அண்ணன் சரியாத்தான் ஜெபிச்சிருக்காவ. நான் இன்னும் வீடு வந்து சேரலையே."

முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதைக் கர்த்தர் கொடுத்திருந்தார். வாங்கி வாசலுக்கு வெளியே வைத்தவன் நான்.

மறுநாள் காலை குடத்தை நானே அவனிடம் நீட்டினேன். அறை பார்க்க அன்று யாரும் போகவில்லை. குழாயடியில் பெண்கள் விடுவார்களா?

"ஏ தொரை, லைன்ல நில்லுங்க! லண்டன்லயும் இப்பிடித்தான் நடுவுல பூந்தியளோ?"

"அங்க குழாய் வீட்டுக்குள்ளயே இருந்துச்சுக்கா. லைன் மறந்துபோச்சு."

என் கூச்சம் போய்விட்டது என்று சொன்னால் பொய். காது சுட்டது. இருந்தாலும் அந்த நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, அந்த லைனைத் தாண்டியே டெய்லர் கடைக்கு நடந்தேன்.