திருப்பிப் போட்ட பருப்பு

என் மகன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். அவனுடைய கப்பல் நாங்கள் குடியிருக்கும் பம்பாய்க்கே வருகிறது என்று போன் வந்த அன்றைக்கே, அவனுக்குப் பிடிக்குமே என்று நெய்மீன் கருவாடு வாங்கி டப்பாவில் போட்டு வைத்தேன். அந்தக் கருவாடு ஏழு மாதம் டப்பாவிலேயே கிடந்தது.

கப்பல் துறைமுகத்துக்குள் வரவே இல்லை. கடலில் நங்கூரம் போட்டு நின்றுவிட்டது. கப்பலின் முதலாளி வேறு தேசத்துக்காரர். கப்பல் ஓட எண்ணெய் போட்ட கம்பெனிக்கு அவர் பணம் கட்டவில்லையாம். அவர்கள் ஹைகோர்ட்டுக்குப் போய்க் கப்பலைப் பிடித்துவைக்க உத்தரவு வாங்கிவிட்டார்கள். கோர்ட்டு ஆள் லாஞ்சுப் படகில் போய் மாலுமி அறைக் கண்ணாடியில் காகிதத்தை ஒட்டிவிட்டு வந்தார். வீட்டை ஜப்தி பண்ணிப் பார்த்திருக்கிறேன், தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். கப்பலையும் பண்ணுவார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஆள் இல்லாமல் கப்பலை விடக்கூடாதாம். காற்றடித்தால் இழுத்துக்கொண்டு போய் எதன்மேலாவது மோதிவிடுமாம். அதனால் பத்துப் பேரும் இறங்கக்கூடாது என்றார்கள். முதலாளியோ போனை எடுப்பதே இல்லை. மேல்தட்டில் நின்றால் பம்பாய்க் கட்டிடமெல்லாம் தெரிகிறது என்று மகன் சொல்லுவான். என் மருமகள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "மத்தவ வீட்டு ஆளு துபாய்ல இருக்கு, வருசத்துக்கு ஒருக்கா வருது. எங்க வீட்டு ஆளு பம்பாய்லயே இருக்கு, வரமாட்டேங்கு." எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்குள் வந்தால் அவள் சிரிப்பதில்லை.

நான்காவது மாதம் கப்பலில் சாமான் தீர ஆரம்பித்தது. முதலில் காய்கறி போயிற்று, பிறகு முட்டை. ஒரு நாள் மத்தியானம் மகன் கூப்பிட்டான்.

"எம்மா, அரிசி கெடக்கு. ஊத்திக்கிட ஒண்ணுமில்ல. கீழ கெடங்கு முழுக்க மூடை மூடையாத் துவரை. கோர்ட்டு சொல்லுத வரைக்கும் சரக்கத் தொடக்கூடாதுங்காரு கேப்டன்."

அந்தத் துவரை ஆப்பிரிக்காவிலிருந்து பம்பாய் மஸ்ஜித் பந்தர் கடைத்தெரு வியாபாரி ஒருவர் பணம் கட்டி வரவழைத்தது. முழுத் துவரை, உடைக்காதது. கப்பலோடு சேர்ந்து அதுவும் மாட்டிக்கொண்டது. என் சரக்கையாவது கொடுங்கள் என்று அவரும் அதே கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனி டப்பாவில் எடுத்துப் போடுவோம். மாதக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசி என்போம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தோல் கிடங்கு மூடியிருந்த நாளில், அந்த டப்பாவில் கைவைத்துத்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சினேன். ஜெபம் பண்ணிவிட்டு எடுப்பேன். கையில் காசு வந்ததும் முதல் வேலையாக அளந்து திருப்பிப் போடுவேன். மகன் அப்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

அதுதான் என் வாயில் வந்தது. "நாம கைப்பிடி டப்பாவுல எடுக்கலையாய்யா? பட்டினி கெடக்காதிய. எடு. கெடச்சதும் திருப்பிப் போட்டுரு" என்றேன்.

இரண்டு மூடையைப் பிரித்து எடுத்துச் சமைத்திருக்கிறான். கேப்டன் எங்கிருந்து என்று கேட்கவில்லையாம், இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டாராம்.

பிறகு மாலுமிகள் சங்கத்துக்காரர்கள் ஒரு லாஞ்சில் சாமான் அனுப்பினார்கள். அதில் பருப்பும் இருந்தது, கடையில் விற்கிற உடைத்த துவரம் பருப்பு. மகன் எடுத்த அளவை அதே பாத்திரத்தில் அளந்து, அந்த இரண்டு மூடையிலும் போட்டு, கோணி ஊசியால் தைத்துவிட்டான். "போட்டுட்டேம்மா" என்று போனில் சொன்னான். எனக்கும் மனசு லேசாயிற்று. முழுத் துவரையில் உடைத்த பருப்பைப் போட்டால் என்ன ஆகும் என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

சரக்கு என்ன நிலைமையில் இருக்கிறது என்று பார்க்க சர்வே ஆட்கள் போனார்கள். கைத்தையல் போட்ட மூடையைக் கிழித்ததும், மேலே மஞ்சள் மஞ்சளாகப் பருப்பு கொட்டியது. கப்பல்காரர்கள் சரக்கைப் படகில் விற்றுவிட்டு வேறெதையோ கலந்து வைத்திருக்கிறார்கள், போலீஸ் விசாரிக்க வேண்டும், அதுவரை ஒருவரையும் இறக்கக்கூடாது, முக்கியமாகச் சமையல்காரனை, என்று வியாபாரியின் வக்கீல் எழுதிக் கொடுத்துவிட்டார். போலீஸ் கேஸ் ஆனால் மகனுடைய மாலுமி புத்தகம் போய்விடும். அது போனால் எந்தக் கப்பலிலும் ஏற்றமாட்டார்கள். அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

சங்கத்துக்காரர்கள் எங்களுக்கு வைத்துக் கொடுத்த வக்கீல் சின்னப் பெண். நடந்ததை அவளிடம் சொன்னோம். திருடினவன் திருப்பி வைத்தான் என்றால் யார் நம்புவார்கள் என்று தலையில் கை வைத்தாள்.

கேஸ் அன்றைக்கு நானும் மருமகளும் சயான் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போனோம். அவள் வக்கீலோடு ஜெராக்ஸ் எடுக்கப் போக, வெளி வராந்தா பெஞ்சில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சட்டையும் துணிப்பையுமாக ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். எந்த கேஸ் என்று இந்தியில் கேட்டார். கப்பல் கேஸ் என்றேன். எனக்கும் அதுதான் என்றார்.

வேறொரு மாலுமியின் தகப்பனார் என்று நினைத்துவிட்டேன். ரேஷன் கடையில்கூட வாய் திறக்காதவள் நான். அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ, அந்த அரைகுறை இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பிடி டப்பாவைச் சொன்னேன். எடு என்று சொன்னது நான்தான், அவன் இல்லை என்றேன். முழுத் துவரை வேக எத்தனை விசில் ஆகும் என்று கேட்டார். திருப்பிப் போட்டது உடைத்ததுதானா என்று இரண்டு தரம் கேட்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். நான் கடைசியில் சுவரை ஒட்டி நின்றேன். அந்தப் பெரியவர் நேராக நடந்து போய் எதிர்க்கட்சி வக்கீலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அந்தத் துவரை வியாபாரி அவர்தான்.

என் பிள்ளையை நானே காட்டிக் கொடுத்துவிட்டேன். மருமகள் முன்னால் எங்கள் வக்கீலுக்குப் பக்கத்தில் இருந்தாள், அவளிடம் போய்ச் சொல்லவும் வழியில்லை.

பெரியவர் தன் வக்கீலின் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னார். வக்கீல் முடியாது என்பது போலத் தலையை ஆட்டினார். அவர் மறுபடி இழுத்தார். வக்கீல் எரிச்சலோடு எழுந்து ஜட்ஜிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினார். எங்கள் வக்கீல் பெண் திரும்பி மருமகளிடம் குனிந்தாள். மருமகள் பின்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ரெண்டு மூடையப் பத்தி இனி ஒண்ணும் கேக்கலையாம் அத்தை" என்றாள். மாற்று ஆள் ஏறியதும் சமையல்காரன் இறங்கலாம் என்று ஜட்ஜும் சொல்லிவிட்டார்.

வெளியே வரும்போது பெரியவர் என்னைப் பார்த்து நின்றார். "முழுத் துவரைக்கு உடைச்ச பருப்பு குடுத்திருக்கான் உன் மகன். அது விலை கூடின சரக்கு, தங்கச்சி. நஷ்டம் எனக்கில்ல, அவனுக்குத்தான்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். அவருடைய மற்ற மூடைகள் அந்தக் கிடங்கிலேயே மழைக்காலம் முழுவதும் கிடந்து வண்டு விழுந்துபோயின என்று பின்னால் கேள்விப்பட்டேன். கைப்பிடி அரிசி எடுக்கும்போது சில நாள் அவரை நினைத்துக்கொள்வேன். வேறென்ன செய்ய எனக்குத் தெரியும்?

மூன்று வாரம் கழித்து மகன் ஒரு பையோடு வந்து நின்றான். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. கருவாட்டை வறுத்துத் தட்டில் வைத்தேன். சோற்றில் கைவைக்குமுன் கப்பலுக்குப் போன் போட்டு, புதுச் சமையல்காரன் என்ன வைத்திருக்கிறான் என்று கேட்டான்.

பருப்பாம்.

"எந்தப் பருப்புல? சங்கத்துப் பருப்பா, கெடங்குல உள்ளதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வந்த பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தான்.