காக்காய்க்கு வைத்த சோறு

போன புதன்கிழமை நாமக்கல் கோர்ட்டில் கைகட்டி நின்றேன். என்ன குற்றம் என்கிறீர்களா? பெற்ற அப்பாவுக்குச் சோறு போடாத குற்றம். வழக்குப் போட்டவர்... அப்பாவேதான்.

சம்மன் வந்த அன்று வெள்ளிக்கிழமை. பூஜை முடித்து நெற்றி நிறைய விபூதியோடு வாசலுக்கு வருகிறேன், கோர்ட் ஆள் பேப்பரை நீட்டுகிறார். ஜீவனாம்ச வழக்கு. ஜீவனாம்சம் என்றால் பெண்டாட்டி அல்லவா கேட்பாள்? என் வீட்டுக்காரி உள்ளே வெண்பொங்கல் கிண்டிக்கொண்டிருக்கிறாளே என்று திரும்பிப் பார்த்தேன்.

பேப்பரைக் கொண்டுபோய்க் காட்டியதும் வக்கீல் சிரித்தார். "பெத்தவங்களும் கேக்கலாமுங்க. சட்டத்துல எடமிருக்குது. நீங்க எதுக்குங்க பயப்படறீங்க? நீங்க பத்திரிகையில எழுதறதே சாட்சிதான்."

பெற்றவர்களைத் தெய்வமாகப் பாருங்கள் என்று சென்ற ஆடியில் இதே இடத்தில் எழுதியிருந்தேன், ஞாபகமிருக்கும். அந்தப் பக்கத்தையும் கேட்டு வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மகனுக்குக் கல்யாணமாகி வீட்டில் ஒரு பெண் வந்துவிட்டால், பெற்றவர்கள் அதே தோட்டத்தில் சாளை என்று ஒரு சின்னக் குடிசை போட்டுக்கொண்டு தனி அடுப்பு வைத்துக்கொள்வார்கள். சண்டை சச்சரவு கிடையாது. அவரவர் வாய்க்கு அவரவர் சமைத்துக்கொள்வது ஒரு கௌரவம். அப்பாவும் அம்மாவும் அப்படித்தான் இருந்தார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் என் வீட்டிலிருந்து போய்விடும். போன தையில் அம்மா காலமானார். அதற்கப்புறமும் எதையும் நிறுத்தவில்லை. பின் என்ன வழக்கு?

அதைத்தான் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கோர்ட்டில் முதலில் ரைஸ் மில்காரர் ஏறினார். "பெரியவரு சாளைக்கு இவரு நல்ல சன்ன அரிசியாப் பாத்துத்தானுங்க வாங்கிட்டுப் போவாரு. இவரு ஊட்டுக்குக்கூட மோட்டா அரிசிதானுங்க." அடுத்து மளிகைக் கடைக்காரர். அவரும் குறையில்லாமல் சொன்னார். வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டார்கள். வேட்டி இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஏறினார். இவ்வளவு இளைத்தது எப்போது?

"உங்க பையன் அரிசி பருப்பெல்லாம் குடுக்கறாரா, பெரியவரே?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"குடுக்கறானுங்க சாமி. அதுல ஒரு கொறையும் சொல்ல மாட்டனுங்க."

"அப்புறம் ஏன் சோறு போடலைன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"ஆக்கறதுக்கு அவ இல்லீங்களே. எனக்கு ஒல வெக்கவே தெரியாதுங்க. டீக்கடையில பன்னு திம்பனுங்க. இல்லீன்னா அரிசிய அப்படியே ஊறவெச்சு மெல்லுவனுங்க."

"மகன் வீட்டுல போய்ச் சாப்பிட வேண்டியதுதானே?"

"தனி அடுப்பு வெச்சுட்டமுங்க. கூப்படாத ஊட்டுல போயி எல போடச் சொல்ல முடியுங்களா?"

அவராக வருவார் என்று நான் இருந்தேன். தனியாக இருப்பதுதான் அவருக்குப் பிடிக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒரு வார்த்தை கேட்டேனா?

அப்பா நிறுத்தவில்லை. "அமாவாசைக்கு அவளுக்குப் படைச்சுப்போட்டு, மொட்டை மாடியில நின்னு காக்காயக் கூப்படுவானுங்க. வார வரைக்கும் உட மாட்டான். சாளையில எனக்கு நல்லாக் கேக்குமுங்க. அடுத்தாப்பல நம்மளையும் கூப்படுவான்னு கையக் கழுவிட்டு உக்காந்திருப்பனுங்க."

குறுக்கு விசாரணைக்கு எழுந்த வக்கீல் என் காதருகே குனிந்தார். "பெரியவருக்குப் புத்தி தடுமாற்றம்னு ரெண்டு கேள்வி போட்டுறலாமுங்க. ஜெயிச்சறலாம்."

"வேண்டாமுங்க, உக்காருங்க" என்றேன்.

"மாசாமாசம் பணமாக் குடுக்கச் சொல்லி உத்தரவு போடட்டுமா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"காசு எனக்கெதுக்குங்க சாமி? கூப்படச் சொல்லுங்க, போதும்."

"அதுக்கு நான் உத்தரவு போட முடியாதே, பெரியவரே..." என்றவர், பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். அபராதம் போட்டிருந்தால்கூட நிமிர்ந்து நின்று கட்டியிருப்பேன். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. வழக்கைத் தள்ளி வைத்தார்.

வராண்டாவிலேயே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம் – அவர் முன்னால், நான் கடைசி சீட்டில்.

பொழுது சாய்ந்ததும் சாளை வாசலில் போய் நின்றேன். அடுப்பில் சாம்பல்கூட இல்லை. பூனை ஒன்று அதற்குள் சுருண்டு படுத்திருந்தது. பிரதோஷம் தவறாமல் கோயில் அன்னதானத்தில் கரண்டி பிடிக்கிறவன் நான். அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அப்பா... சோறுண்ண வாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன கொழம்புடா?"

"அவரைக்காய்ப் பருப்புங்க. வீட்டுல எல போட்டு வெச்சிருக்குதுங்க."

"செரி, வாரேன்" என்று துண்டை எடுத்தார்.

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டாவது முறை அவர் சோறு கேட்டபோது என் வீட்டுக்காரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை. இதை எழுதும்போதும் நிமிரவில்லை.

காக்காயை எத்தனையோ முறை கூப்பிட வேண்டியிருக்கும். அப்பா ஒரே குரலுக்கு எழுந்து வந்துவிட்டார்.