கொளஞ்சி ஊதிய ரெட்டை விசில்

அரியலூரிலிருந்து திருமழபாடிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் கொளஞ்சி கண்டக்டராக இருக்கிற நாளில் பேப்பர் வாங்கத் தேவையில்லை என்று அந்தத் தடத்தில் போய்வருகிறவர்கள் சொல்வார்கள். பாதி மெச்சிச் சொல்வது, பாதி சலித்துச் சொல்வது. முன்வாசலில் டிக்கெட் கிழிக்கும்போது ஆளுங்கட்சியில் ஆரம்பித்தார் என்றால் பின்வாசலுக்கு வந்து சேர்வதற்குள் எதிர்க்கட்சியையும் ஒரு கை பார்த்திருப்பார். கண்டக்டருக்குக் கட்சி கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆனால் வாலிபத்திலிருந்து ஒரே சின்னத்தைத் தவிர வேறெதையும் அவர் விரல் தொட்டதில்லை என்பது அவர் மனைவி கவிதாவுக்குத் தெரியும். பஸ்ஸில் பாதிப்பேருக்கும் தெரியும்.

அவருடைய அபிப்பிராயங்கள் எல்லாம் பஸ்ஸுக்குள் விளைந்தவை. கட்சிக்காரன் ஒருவன் எழுந்து கிழவிக்கு இடம் கொடுத்தால் தேர்தல் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஜெயித்த பிறகு அவன் பஸ்ஸிலேயே ஏற மாட்டான். ஊர் உலகத்துக்கெல்லாம் நம் ஜில்லாவிலிருந்து சிமெண்டு போகிறது, நம் ரோட்டுப் பள்ளத்தில் போட ஒரு கூடை மிஞ்சவில்லை. பெண்களுக்கு இலவசப் பயணம் கொடுத்ததைப் பற்றி அவருக்கு இரண்டு கருத்துகள் உண்டு. கூட்டம் பிதுங்கும் காலை டிரிப்பில் ஒன்று, மகள் அபிநயா கல்லூரிக்கு ஏறும் டிரிப்பில் மற்றொன்று. யார் ஜெயிப்பார்கள் என்று ஒவ்வொரு தேர்தலிலும் ஆணி அடித்த மாதிரி சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூடப் பலித்ததில்லை. அதனால் அவர் தன்னம்பிக்கைக்கு ஒரு சேதாரமும் வந்ததில்லை.

அவரோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது. காரணம் அவருடைய அறிவு அல்ல, விசில். ஒரு விசில் ஊதினால் பஸ் நிற்க வேண்டும், இரண்டு ஊதினால் கிளம்ப வேண்டும். கொளஞ்சி தன் தீர்ப்பைச் சொல்லி முடித்ததும் இரண்டு விசில் ஊதிவிடுவார். வண்டி குலுங்கிக் கிளம்பும், எதிராளி கம்பியைப் பிடிக்கத் தடுமாறுவார், பதில் தொண்டைக்குள்ளேயே போய்விடும். வருஷக்கணக்கில் இப்படியே செய்து, வாய் ஒரு பேச்சை முடித்தால் விசில் தானாக உதட்டுக்கு ஏறும் அளவுக்குப் பழகிவிட்டது. வீட்டில் விசில் இல்லாததால்தான் அங்கே தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று கவிதா சொல்வாள்.

பேச்சு மும்முரத்தில் அவர் வேலையில் நடந்த கோளாறுகளுக்கும் குறைவில்லை. ஒரு நாள், முந்தின டிரிப்பில் மாட்டியிருந்த ஜெயங்கொண்டம் பலகையை மாற்ற மறந்து வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டார். உடையார்பாளையத்தில் காதுகுத்துக்குப் போக வேண்டிய ஒரு குடும்பம் சீர்த்தட்டுகளோடு ஏறி உட்கார்ந்து, கீழப்பழுவூர் வந்த பிறகு விழித்துக்கொண்டது. தாய்மாமன் கொளஞ்சியின் சட்டையைப் பிடிக்க வந்துவிட்டான். அன்றைக்கு டிரைவர் ராசாங்கம்தான் இறங்கி, எதிரே வந்த அரியலூர் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, தட்டுகளைத் தானே தூக்கி வைத்து, குழந்தையின் கன்னத்தைத் தட்டி அனுப்பி வைத்தார். திரும்பி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தவர் கொளஞ்சியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான்.

ராசாங்கம் அப்படித்தான். பேச்சு குறைவு. அவருடைய அப்பா அம்மா காலத்தில் திருமானூர் பக்கத்துப் பண்ணைகளில் கூலிக்கு நடவு நட்ட குடும்பம். அவர்கள் தெருவிலிருந்து அரசு வேலைக்கு வந்த முதல் டிரைவர் அவர். கொளஞ்சி நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. ஆனாலும் பல வருஷமாக இருவருக்கும் ஒரே வண்டி, மத்தியானம் திருமழபாடியில் வேப்பமரத்தடியில் இரண்டு தூக்குகளையும் திறந்து வைத்துப் பங்குபோட்டுத் தின்கிற பழக்கம். ராசாங்கம் வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்காகவே கொளஞ்சி சில நாள் லீவு எடுக்காமல் வந்ததுண்டு. விசில் காதில் விழுந்தாலும் ராசாங்கம் உடனே வண்டியை எடுக்க மாட்டார். கண்ணாடியில் பார்த்து, கொளஞ்சி படியில் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டுதான் கியர் போடுவார்.

இப்படிப்பட்ட மனுஷனிடம்தான் கொளஞ்சி தன் வாயைக் காட்டினார்.

அது தேர்தல் சமயம். பஸ்ஸில் தொகுதி நிலவரம் சூடாக ஓடிக்கொண்டிருந்தது. எப்போதும் பேசாத ராசாங்கம் அன்று ஒரு நிறுத்தத்தில் வண்டி நிற்கையில் ஏதோ தோன்றி, தங்கள் தெருவில் இந்தத் தடவை மாற்றித்தான் போடுவார்கள் என்று ஸ்டியரிங்கிலிருந்தபடி சொன்னார். தன் கணக்குக்குக் குறுக்கே ஒருவர் வந்ததைக் கொளஞ்சியால் பொறுக்க முடியவில்லை.

“ஒங்க ஆளுங்க ஓட்டுக்கு என்னப்பா கணக்கு? மொத நா ராத்திரி எவன் வண்டி தெருவுல வந்து நிக்கிதோ, அவனுக்குத்தான விழும்?”

பஸ் சிரித்தது. கொளஞ்சி இரண்டு விசில் ஊதினார். ராசாங்கம் கண்ணாடியில் அவரைப் பார்த்தார், பிறகு வண்டியை எடுத்தார்.

மறுநாள் மத்தியானம் ராசாங்கம் தூக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். ‘அண்ணே’ என்று கூப்பிட்டவர் ‘கண்டக்டர் சார்’ என்றார். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. இரண்டு விசில் ஊதினால் எடுப்பார், ஒன்று ஊதினால் நிறுத்துவார். முக்கியமாக, கண்ணாடியில் பார்ப்பதை விட்டுவிட்டார். கொளஞ்சிக்கு முதலில் விஷயமே புரியவில்லை. அரசியல்தானே பேசினோம், இதற்குப் போய் இந்த மனுஷன் முறைத்துக்கொள்வானா என்று கவிதாவிடம் அங்கலாய்த்தார். என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்ட கவிதா, தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், போன தேர்தலில் அந்த வண்டி நம் தெருவுக்கும் வந்ததே, கதவைத் திறந்தது யார் என்று மட்டும் கேட்டாள். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார்.

தப்பு என்று தெரிந்த பிறகும் அதைப் போய்ச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாட்டில் உள்ள எல்லாத் தலைவர்களும் மன்னிப்புக் கேட்க வேண்டிய விஷயங்களை வரிசையாகச் சொல்லத் தெரிந்தவருக்குத் தன் முறை வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றே நாட்கள் ஓடின. அதற்குள், ராசாங்கம் பெரம்பலூர் டிப்போவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று ஷெட்டில் யாரோ சொன்னார்கள். லப்பைக்குடிக்காடு தடத்தில் ஓட்டப் போகிறாராம். அந்த மாதக் கடைசிக்குள் உத்தரவு வந்துவிடும் என்றார்கள். கேட்டதிலிருந்து கொளஞ்சிக்கு அதே நினைப்பாக இருந்தது. அவன் போய்விட்டால் பிறகு எந்த முகத்தை வைத்துக்கொண்டு எங்கே போய்ச் சொல்வது?

அந்த வாரத்தில்தான் அது நடந்தது.

கீழப்பழுவூரில் பஸ் சற்று நேரம் நிற்கும். முன்பெல்லாம் கொளஞ்சி டீயை வாங்கிக்கொண்டு போய் டிரைவர் ஜன்னலில் நீட்டுவார். இப்போது ராசாங்கம் சீட்டில் இருந்தபடியே வீட்டுத் தண்ணீரைக் குடித்துக்கொள்கிறார். கொளஞ்சி மட்டும் கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அங்கே அறிவரசன் இருந்தான். ஒன்றியத்தில் ஏதோ ஓர் அணியில் துணை என்று தொடங்கும் பொறுப்பில் இருப்பவன், கொளஞ்சிக்கு நேர் எதிர்க்கட்சி. தங்கள் கூட்டணி இரும்புக் கோட்டை என்று அவன் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு யார் சும்மா இருந்தாலும் கொளஞ்சியால் முடியுமா? ஒவ்வொரு கட்சியும் எப்போது யாரைக் கழற்றிவிட்டது என்று பழைய கதைகளையெல்லாம் இழுத்துப் போட்டு அடுக்கினார். உங்கள் கூட்டணி பொங்கல்வரைகூடத் தாங்காது என்று தீர்ப்பும் சொன்னார். சொன்ன கையோடு விசில் உதட்டுக்கு ஏறியது.

ரெண்டு விசில்.

பஸ் கிளம்பியது. யார் வண்டியோ போகிறது என்றுதான் கொளஞ்சி முதலில் பார்த்துக்கொண்டு நின்றார். கிளாஸில் பாதி டீ, தோளில் பை, கையில் டிக்கெட் மெஷின். பின் ஜன்னலில் தெரிந்த முகங்கள் எல்லாம் தன் பயணிகளின் முகங்கள் என்று உறைத்தபோது வண்டி வளைவைத் தாண்டிவிட்டது. டீக்கடையே குலுங்கிச் சிரித்தது. சிரிக்காதவன் அறிவரசன் ஒருவன்தான். பைக்கை உதைத்துக் கிளப்பி ஏறச் சொன்னான். அந்த பைக்கின் முன்னால் அவன் கட்சிக் கொடி பறந்துகொண்டிருந்தது. எத்தனையோ வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்த கொடிக்குப் பின்னால் யூனிஃபாரத்தோடு உட்கார்ந்து கொளஞ்சி போன காட்சியை அந்த ரோட்டில் பலர் பார்த்தார்கள்.

வழியெல்லாம் அறிவரசன் கூட்டணியைப் பற்றியே பேசினான். கொளஞ்சிக்கு அது காதில் ஏறவில்லை. ராசாங்கம் கண்ணாடியில் பார்க்கவில்லை என்பதே அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு மாதிரி இருந்தால் அவன் பார்த்திருப்பான். படியில் நான் இல்லை என்றால் நூறு விசில் ஊதினாலும் வண்டி நகர்ந்திருக்காது. பார்க்க வேண்டாம் என்று ஆக்கியது நான்தானே என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. காற்று என்று துடைத்துக்கொண்டார்.

தைலமரத் தோப்பு ஓரம் பஸ் நின்றிருந்தது. இறங்க வேண்டிய இடத்தில் விசில் கேட்காமல் பயணிகள் கூச்சல் போட, அப்போதுதான் ராசாங்கத்துக்கு விஷயம் தெரிந்து வண்டியை ஓரங்கட்டியிருக்கிறார். பஸ்ஸுக்கு முன்னால் செக்கிங் இன்ஸ்பெக்டரின் ஜீப்பும் நின்றது. கொளஞ்சி பைக்கிலிருந்து இறங்கி ஓடினார். கண்டக்டர் இல்லாமல் ஓடிய பஸ், டிக்கெட் வாங்காத ஆட்கள். அவர் கிட்டே போனபோது ராசாங்கம் இன்ஸ்பெக்டரிடம் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிரேக்கில் ஏர் லீக் ஆனதாம். இங்கே டவர் கிடைக்காததால் மெக்கானிக்குக்குப் போன் செய்யக் கண்டக்டரைத் தானே திருப்பி அனுப்பினாராம். ஷெட்டிலிருந்து எடுக்கும்போதே சரியாகப் பார்க்காதது தன் தவறுதானாம்.

இன்ஸ்பெக்டர் திரும்பிக் கொளஞ்சியைப் பார்த்து, அப்படியா என்று கேட்டார்.

தலையை ஆட்டினால் போதும். குற்றம் ராசாங்கத்தின் மேல் ஏறிக்கொள்ளும், கொளஞ்சி தப்பிவிடலாம். பஸ்ஸே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இல்லீங்க சார். வண்டிக்கி ஒண்ணுமில்ல. நாந்தான் டீக்கடையில அரசியல் பேசிக்கிட்டே விசில ஊதித் தொலச்சிட்டேன். அவரு மேல எந்தத் தப்பும் இல்ல.”

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்ததை அவர் மறைத்துக்கொண்ட விதமே காட்டிக்கொடுத்தது. மெமோ வரும், விளக்கம் எழுதித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். டிரைவர் சொன்னது எதுவும் தன் காதில் விழவில்லை என்றும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் மறைந்ததும் ராசாங்கம் திரும்பினார். பல நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து கொளஞ்சிக்கு வந்த முதல் பேச்சு வசவுதான்.

“நாந்தான் ஒழுங்கா சொல்லி முடிச்சிட்டன்ல? எதுக்கு ஊடால பூந்து ஒளர்றீங்க?”

கொளஞ்சி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். ஆனால் அன்று சொன்னது இத்தனை பேர் காதிலும் விழச் சொன்னது. காய்க்கூடையோடு முன் சீட்டில் இருந்த சம்பூர்ணம் அன்றும் இதே சீட்டில் இருந்தவள், அன்று சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.

“ராசாங்கம், தேர்தலப்ப ஒங்க ஆளுங்க ஓட்டுன்னு ஒண்ணு சொன்னன்ல. அது கேவலமான பேச்சு. அந்த வண்டி எங்க தெருவுக்கும் வந்துச்சு. நானும் கதவத் தொறந்தேன். தப்பு என்னுதுதான்.”

சொல்லி முடித்ததும் கை பழக்கத்தில் விசிலுக்குப் போனது. அவர் அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நின்றார். பஸ் நகரவில்லை. சம்பூர்ணம் கூடையைப் பார்த்தபடி இருந்தாள்.

ராசாங்கம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“சொன்னதுகூட இல்ல. எங்களச் சொல்றவங்க எத்தன பேரு. சொல்லிட்டு விசில ஊதுனீங்க பாருங்க. ஒங்க எச்சிச் சோத்தத் தின்னவன் நான், என்னோடத நீங்க தின்னீங்க. எனக்கும் பதில் இருந்துச்சு. நீங்க ஊதிட்டீங்க, டிரைவரு நான், வண்டிய எடுத்துத்தான ஆவணும்.”

அவ்வளவோடு நிறுத்தவில்லை. அன்று சொல்ல நினைத்த பதிலையும் சொன்னார். போன தேர்தலில் வண்டி வந்த இரவில் தன் வீட்டுக் கதவு திறக்கவே இல்லை, தன் அம்மா முத்தாயி திறக்க விடவில்லை என்றார். அந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் எப்போது வந்தது, அதற்கு எத்தனை தடவை மனு கொடுத்தார்கள், ஏன் இந்தத் தடவை மாற்றிப் போட நினைத்தார்கள் என்றெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கொளஞ்சி தன் வாழ்நாளில் குறுக்கே பேசாமல் கேட்ட முதல் அரசியல் பேச்சு அதுதான். நேரமாகிறது என்று பின்னாலிருந்து குரல் கொடுத்த ஒருவரைச் சம்பூர்ணம் திரும்பி ஒரு பார்வை பார்த்து அடக்கினாள்.

ராசாங்கம் பேசி முடித்து சாவியைத் திருப்பினார். மாற்றல் கேட்டது கேட்டதுதானா என்று கொளஞ்சிக்குக் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அது அவன் முடிவு. பின்படிக்குப் போய் நின்றுகொண்டு சட்டைக்குள்ளிருந்து விசிலை எடுத்தார்.

“ராசாங்கம், ஊதட்டுமா?”

ராசாங்கம் தலையைச் சற்று உயர்த்தி, மேலே கண்ணாடியில், அவர் படியில் இருக்கிறாரா என்று பார்த்தார்.

“ஊதுங்க.”