‘சமாளிக்கிறன்’ என்று நிரப்பிய போர்ம்

1. பிழை என்னுடையது

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு சமூக நிலையத்தில் பதினெட்டு வருடம் ஆலோசனை மேசையில் இருந்தேன். எங்கள் ஆட்களுக்குப் பெனிபிட் போர்ம், அதாவது அரசாங்க உதவிப்பண விண்ணப்பம், நிரப்பிக் கொடுப்பது வேலை. இப்போது அந்த மேசையில் இருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கெட்டித்தனத்தைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்; நான் விட்ட பிழையைச் சொல்கிறேன்.

சிவநேசன் அண்ணை அப்டன் பார்க்கில் ஒரு பலசரக்குக் கடையில் அரிசி மூடை இறக்கியவர். ஐம்பத்தொன்பது வயது. இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ். வருத்தத்தில் நிற்கிறவருக்குக் கடை கொடுக்கிற சிக் பே முடிந்துவிட்டது. மனைவி ராஜி அக்காவின் பள்ளிக்கூடச் சமையலறைச் சம்பளம் வாடகைக்கே காணாது. நோயாளருக்கு அரசாங்கம் கொடுக்கிற பிப் என்ற உதவிப்பணம் கிடைத்தால் தப்பலாம். கிடைக்காவிட்டால் பொங்கல் முடியக் கடைக்குத் திரும்புவதாக முதலாளியிடம் சொல்லி வைத்திருந்தார். டயாலிசிஸ் ஊசி ஏற்றுகிற இடது கையால் பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. என் மேசைக்கு வந்தவரிடம் போர்மில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“உடுப்புப் போட ஏலுமோ, அண்ணை?”

“ஓம்.”

“குளிக்க?”

“ஓம், ஓம்.”

“சமைக்க?”

“சமாளிக்கிறன், தங்கச்சி.”

அயன் பண்ணிய சேர்ட்டோடு நிமிர்ந்து இருந்து சொன்னார். நானும் சொன்னதைச் சொன்னபடி ஆங்கிலத்தில் எழுதினேன். ‘ஹி மேனேஜஸ்.’ பக்கத்துக்குப் பக்கம் அதேதான். அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

கடிதம் வந்தது. பிப் இல்லை.

எங்கள் மேனேஜர் கீதா, சென்னைக்காரி, போர்மின் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா: “ஏங்க, சமாளிக்கிறேன்னா என்ன அர்த்தம்? முடியல, ஆனா வெளிய சொல்ல மாட்டேன்னு அர்த்தம். ‘மேனேஜஸ்’னு எழுதினா, படிக்கிறவங்க மனுஷன் நல்லா இருக்காருன்னுதானே நினைப்பாங்க?”

எனக்குக் கோபம் வந்தது. அவ சொன்னது சரி என்பதால் இன்னும் கூட வந்தது. மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம் இருந்தது. அன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

2. ஒரு தேத்தண்ணி

முழங்கால் நோவோடு அவர்கள் வீட்டுப் படியேறிப் போய்க் கதிரையில் இருந்த உடனே அண்ணை எழும்பினார். “இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.”

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். உள்ளே கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. இருந்து இளைப்பாறுகிறார். பிறகு குழாய்ச் சத்தம். மறுபடி கதிரை. கேத்தல் கொதித்ததும் ராஜி அக்கா பாய்ந்து போய் அதைத் தூக்கி ஊற்றிவிட்டு வந்தா. வருத்தக்காரனிடம் வேலை வாங்குகிற பாவி நான் என்று இருந்தது.

தேத்தண்ணி வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. ஆறிப்போயிருந்தது, சீனியும் இல்லை. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய அந்த மனிதர் தனக்கு ஒரு வாய்கூட எடுக்கவில்லை. நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

“பாத்தியளோ, ஏலும் எண்டு சொன்னனான்,” என்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

ராஜி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “என்னத்தை ஏலும்? போன கிழமை சுடுதண்ணியைக் காலிலை ஊத்தினது ஆர்? சேர்ட்டுக்குப் பட்டன் பூட்டிவிடுறது ஆர்? அதை அயன் பண்ணினது ஆர்?”

“அதையெல்லாம் பிறத்தி ஆக்களுக்குச் சொல்லுறதோ?”

“அண்ணை,” என்றேன், “இது பிச்சை கேக்கிற கடிதம் இல்லை. இவ்வளவு வருசமும் டாக்ஸ் கட்டினனீங்கள். ஒரு வேலையைச் செய்ய ஏலுமோ எண்டு மட்டும் பிப் குடுக்கிற ஆக்கள் பாக்கிறேல்லை. ஆபத்தில்லாமல், ஒழுங்கா, திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்கிடையிலை செய்ய ஏலுமோ எண்டுதான் பாக்கினம்.”

அவர் தன் இடது கையைப் பார்த்தார்.

“சரி, எழுதுங்கோ. ஏலாது.”

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாட்டை மூடை இறக்கியபோதும் பட்டிருக்க மாட்டார். நான் முதலிலிருந்து எழுதினேன்: இருபத்திரண்டு நிமிடம், கதிரை, கேத்தல், பட்டன், சுட்ட கால். இந்த முறை மூன்று மணித்தியாலம் எடுத்தது.

3. பொங்கலுக்கு முந்தின கிழமை

போன் அடித்தது. மறுமுனையில் ராஜி அக்கா அழுதா. என்னவோ ஏதோ என்று பதறிப்போனேன். பிறகுதான் விளங்கியது, கடிதம் வந்திருக்கிறது, பிப் கிடைத்துவிட்டது. நானும் அழுதேன்.

அண்ணை போனை வாங்கினார். “முதலாளிக்குச் சொல்லிப்போட்டன், தங்கச்சி. கடைக்கு வர ஏலாது எண்டு.” இந்த முறை அந்தச் சொல் தடங்கலில்லாமல் வந்தது.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் ‘ஏலுமோ’ என்று கேட்டதில்லை. ‘நேற்றுக் காலமை எழும்பினதிலிருந்து என்ன செய்தனீங்கள்?’ என்றுதான் கேட்பேன். நீங்களும் அப்படியே கேளுங்கள். போர்ம் அரை மணித்தியாலத்தில் முடிந்தால், நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

அன்றைக்கு அண்ணை உடனே போனை வைக்கவில்லை. “அது சரி, உங்கடை முழங்கால் நோ எப்பிடி?”

“சமாளிக்கிறன், அண்ணை.”

“சமாளியுங்கோ, சமாளியுங்கோ,” என்று சிரித்தார். “போர்மிலை மட்டும் எழுதிப்போடாதேங்கோ.”